‘கிரீட்’ படத்தின் மூன்று பிரதிகள்: ஸேஸு பிட்ஸைப் பார்க்க எதை ஓட்டுவது?

1924இல் வெளிவந்த ‘கிரீட்’ மௌனப்படம் புதுச்சேரியில் இன்று மூன்று உருவத்தில் கைக்கு வருகிறது. ஒன்று, இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளும் கோப்பு. இரண்டாவது, 1980களில் கார்ல் டேவிஸ் இசையமைத்து மறுபடி புழக்கத்துக்கு வந்த இரண்டேகால் மணி நேரத்துப் பதிப்பும் அதிலிருந்து எடுத்த நகல்களும். மூன்றாவது, 1999இல் ரிக் ஷ்மிட்லின் அமெரிக்கத் தொலைக்காட்சிக்காகத் தொகுத்த 239 நிமிடப் பதிப்பு. பிரான்சிலிருந்து லீவுக்கு வரும் சொந்தக்காரர் பெட்டியில் ‘லே ரபாஸ்’ என்று ஒரு டிஸ்க் இருந்தால் அதுவும் இதே படம்தான். பிரெஞ்சில் அதற்கு அந்தப் பெயர்.

மூன்றையும் ஒரே அளவுகோலில் வைத்துச் சொல்கிறோம்: டிரினாவாக வரும் ஸேஸு பிட்ஸின் கைகள் எந்தப் பிரதியில் ஒழுங்காகத் தெரிகின்றன? கேட்கக் கொஞ்சம் கிறுக்குத்தனமாக இருக்கும். ஆனால் இந்தப் படத்தில் டிரினாவின் கதை முழுக்க விரல்களில்தான் நடக்கிறது. லாட்டரியில் 5,000 டாலர் விழுந்த பெண், அதில் ஒரு காசைக்கூடச் செலவழிக்க மனசு வராமல் தங்க நாணயங்களை எண்ணுகிறாள், தேய்க்கிறாள், மெத்தையில் பரப்பி அதன்மேல் படுக்கிறாள். அவளை வதைக்கக் கணவன் தேர்ந்தெடுப்பதும் அந்த விரல்களைத்தான், பல்லால் கடிக்கிறான். கடைசியில் அதே கை ஒரு பாலர் பள்ளியில் தரை துடைக்கிறது. பிரதி மோசமாக இருந்தால் இந்தத் தொடர்ச்சி முழுக்க நாசமாகிவிடும். அப்புறம் பார்ப்பவர்களுக்கு மிஞ்சுவது கண்ணை உருட்டும் ஒரு பெண் மட்டும்.

ஸேஸு 1894 ஜனவரி 3இல் கான்சஸ் மாநிலத்துப் பார்சன்ஸில் பிறந்தவர். குடும்பத்தில் இருந்த எலைசா, சூசன் என்ற இரண்டு பெண்களின் பெயரிலிருந்து ஆளுக்கொரு துண்டு எடுத்து வைத்த பெயர் இது. வளர்ந்தது கலிபோர்னியாவின் சான்டா குரூஸில். 1917இல் மேரி பிக்ஃபோர்டின் ‘எ லிட்டில் பிரின்சஸ்’ படத்தில் எடுபிடிச் சிறுமி பெக்கியாக வந்தபோதுதான் கவனிக்கப்பட்டார். அந்த வாய்ப்புக்குப் பின்னால் இருந்தவர் திரைக்கதை எழுதிய பிரான்சஸ் மேரியன். 1919இல் இயக்குநர் கிங் விடோர் ‘பெட்டர் டைம்ஸ்’ படத்தில் அவரைக் கதாநாயகியாகவே போட்டார். ஆனாலும் அந்தக் காலத்து நாயகி முகம் அவருக்கு இல்லை. பெரிய கண், ஒடுங்கிய தோள், எங்கே வைப்பதென்று தெரியாமல் காற்றில் துழாவும் கை. இதை வைத்துத் தோழி, வேலைக்காரி, அசட்டுப் பெண் என்று துணை வேடங்களில் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவரிடம் ‘கிரீட்’ இயக்குநர் எரிக் வான் ஸ்ட்ரோஹைம் கஞ்சத்தனத்தால் நாசமாகும் ஒரு பெண்ணின் வேடத்தைக் கொடுத்தார். சிரிப்புக்குப் பயன்பட்ட அதே கையைத்தான் இங்கே திகிலுக்குப் பயன்படுத்தினார். அதனால் இந்தப் படத்தில் சிரிப்புக்கும் திகிலுக்கும் நடுவே இருப்பது மெல்லிய கோடு. பிரதியின் வேகம் கொஞ்சம் தப்பினாலும் ஆட்டம் சிரிப்புப் பக்கம் சாய்ந்துவிடும்.

சரி, வேகத்திலிருந்தே தொடங்குவோம்.

35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். 1,000 அடி ரீலில் 16,000 பிரேம். பேசும்படத்து வேகமான நொடிக்கு 24 என்று ஓட்டினால் அந்த ரீல் 11 நிமிடம் 7 நொடியில் முடியும். இந்த மௌனப்படத்துக்குப் பொருந்தும் 20 என்று ஓட்டினால் 13 நிமிடம் 20 நொடி ஆகும். ‘கிரீட்’ வெளியானது 10 ரீலாக. ஆக 24இல் ஓட்டினால் 111 நிமிடம் சொச்சம், 20இல் ஓட்டினால் 133 நிமிடம் சொச்சம். ஒரு கோப்பைத் திறக்கும் முன்பே அதன் நீளத்தைப் பாருங்கள். 110 முதல் 115 நிமிடத்துக்குள் இருந்தால் பேசும்படத்து வேகத்தில் மாற்றியிருக்கிறார்கள் என்று கிட்டத்தட்ட முடிவே கட்டிவிடலாம். அதில் டிரினா நாணயத்தை எண்ணுவது ரயில்வே கவுண்டரில் சில்லறை கொடுப்பதுபோல இருக்கும். 130க்கு மேல் இருந்தால் பாதி நிம்மதி.

பாதிதான், ஏனென்றால் இன்னொரு சோதனை உண்டு. கணினியில் படம் ஓட்டும் விஎல்சி பிளேயரில் ‘இ’ விசையைத் தட்டித் தட்டி ஒவ்வொரு பிரேமாக நகர்த்துங்கள். டிரினாவின் கை நகரும் இடத்தில் செய்தால் உடனே தெரியும். ஆறு பிரேமுக்கு ஒன்று அசையாமல் அப்படியே திரும்ப வந்தால், 20ஐ 24 ஆக்குவதற்காகப் பிரேமை இரட்டித்திருக்கிறார்கள். வேகம் ஏற்கெனவே சரி. நீங்கள் கைவைக்கத் தேவையில்லை. ஒரு பிரேமும் இரட்டிக்காமல் நொடிக்கு 24 ஓடினால் மட்டும் வேகத்தை 0.83 ஆகக் குறையுங்கள். ‘பிளேபேக்’ பட்டியலில் நுண்ணிய அளவில் குறைக்கும் வசதி இருக்கிறது; சாதாரண குறைப்பு விசை பெரிய படிகளில் தாவும், அதை நம்ப வேண்டாம். கணினியிலிருந்து புரொஜெக்டருக்குப் போகும் சிக்னலை 60 ஹெர்ட்ஸில் வையுங்கள். 20க்கு 60 சரியாக மூன்று மடங்கு என்பதால் ஒவ்வொரு பிரேமும் ஒரே அளவு நேரம் திரையில் நிற்கும். 50இல் வைத்தால் ஒன்று இரண்டு தடவை, அடுத்தது மூன்று தடவை என்று மாறி மாறி நின்று, கை வெட்டி வெட்டி இழுக்கும். புது டிவிகளில் அசைவை மழமழப்பாக்கும் வசதி ஒன்று எப்போதும் ஆன் ஆகியே வரும். அதை முதலில் அணையுங்கள். அது இடைப்பட்ட பிரேம்களைத் தானே கற்பனை செய்து விரல்களைக் கூழாக்கிவிடும்.

இந்த வேக விவகாரம் வெறும் நுணுக்கப் பித்து என்று நினைப்பவர்கள் 1930ஐ நினைத்துப் பார்க்கலாம். ‘ஆல் குவைட் ஆன் தி வெஸ்டர்ன் ஃபிரண்ட்’ படத்தில் போர்முனையிலிருந்து விடுப்பில் வரும் மகனின் தாயாக ஸேஸு நடித்தார். முன்னோட்டக் காட்சியில் அவர் முகம் வந்ததும் கூட்டம் சிரித்தது; அதற்குள் அவர் சிரிப்பு நடிகை என்று ஜனங்கள் மனசில் முத்திரை விழுந்திருந்தது. ஸ்டுடியோ அவர் பகுதியை எடுத்துவிட்டு பெரில் மெர்சரை வைத்துத் திரும்பப் படம்பிடித்தது. ஒரு சிரிப்பு அவருடைய சோக வேடங்களின் கதவை அநேகமாகச் சாத்திவிட்டது. நல்ல பிரதியில் ‘கிரீட்’ பார்த்தவர்களுக்கு அந்தக் கூட்டத்தின்மேல் கோபம் வரும். 111 நிமிடப் பிரதியில் பார்த்தவர்கள் கூடச் சேர்ந்து சிரிப்பார்கள்.

அடுத்தது சட்டகம். மௌனப்படத்தின் சட்டம் 4:3 அளவு. நம் டிவியும் பெரும்பாலான புரொஜெக்டர்களும் 16:9. இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும், வரத்தான் வேண்டும். “ஏன் ஸார் படம் சின்னதா இருக்கு” என்று யாராவது கேட்டதும் ரிமோட்டில் ‘ஜூம்’ அமுக்குவது நம் ஊர் வழக்கம். அப்படி அமுக்கினால் மேலே எட்டில் ஒரு பங்கு, கீழே எட்டில் ஒரு பங்கு போய்விடும். இடுப்பளவுக் காட்சியில் கை இருப்பது சட்டத்தின் அடிப்பாகத்தில். முதலில் பலியாவது அதுதான். ‘ஸ்ட்ரெச்’ செய்தால் கை தப்பிக்கும், ஆனால் ஸேஸுவின் மெலிந்த விரல் வெண்டைக்காய் தடிமனுக்கு வந்துவிடும்.

இடது ஓரத்தையும் கவனியுங்கள். மௌனப்பட நெகட்டிவில் படம் ஃபிலிமின் முழு அகலத்துக்கும் இருக்கும். பிற்பாடு ஒலித்தடத்துக்கு இடம் ஒதுக்கிப் பிரிண்ட் போட்டபோது இடது பக்கம் ஒரு கீற்று வெட்டுப்படும். கண்டுபிடிக்க எளிய வழி வசன அட்டை. எழுத்துகள் நடுவில் இல்லாமல் இடது ஓரத்தை ஒட்டிக்கொண்டு நின்றால் அந்தப் பிரதியில் இடது பக்கம் போய்விட்டது. இலவசக் கோப்புகளில் இது சகஜம். மோசம்தான், ஆனால் ஜூம் செய்வதைவிடத் தேவலை.

பிரதியின் தெளிவைச் சோதிக்க ஒரே ஒரு கட்டம் போதும்: கல்யாணக் காட்சி. ஸ்ட்ரோஹைம் ஸ்டுடியோ செட் வேண்டாம் என்று சான் பிரான்சிஸ்கோவில் நிஜக் கட்டடங்களுக்குள் எடுத்தார். ஒளிப்பதிவு பென் ரெனால்ட்ஸ், வில்லியம் டேனியல்ஸ். அறைக்குள் மணமக்கள் நிற்க, பின்னாலிருக்கும் ஜன்னல் வழியே கீழே தெருவில் ஒரு சவ ஊர்வலம் போகிறது. உள்ளேயும் வெளியேயும் ஒரே நேரத்தில் துலங்கும்படி எடுத்த காட்சி. நல்ல பிரதியில் ஊர்வலத்தை ஆள் ஆளாகப் பார்க்கலாம். நகலுக்கு நகல் எடுத்த பிரதியில் ஜன்னல் வெறும் வெள்ளைச் சதுரம். சவ ஊர்வலம் காணாமல் போய், சாதாரணக் கல்யாணம் ஒன்று நடக்கும். இலவசக் கோப்பு எதை இறக்கினாலும் முதலில் இந்த இடத்துக்குப் போய்ப் பாருங்கள். ஜன்னல் வெளிறியிருந்தால் அடுத்த கோப்பைத் தேடுங்கள். அதே வெளிறல்தான் மெத்தைக் காட்சியில் நாணயத்தையும் விரலையும் ஒன்றாக்கிவிடும்.

இனி மூன்றாவது பதிப்பு. இதைப் புரிந்துகொள்ளப் படத்துக்கு நேர்ந்த கதி தெரிய வேண்டும். ஸ்ட்ரோஹைம் முதலில் தொகுத்தது 42 ரீல், ஒன்பது மணி நேரத்துக்கும் மேல். அவரே அதை 24 ரீல் அளவுக்குக் குறைத்தார். நண்பர் ரெக்ஸ் இங்ரம் மேற்பார்வையில் அது 18 ஆனது. இதற்கிடையில் 1924 ஏப்ரலில் கோல்ட்வின் கம்பெனி எம்.ஜி.எம்.மில் கரைந்துவிட, புது முதலாளிகள் 10 ரீலாக வெட்டி டிசம்பரில் வெளியிட்டார்கள். வெட்டிய ஃபிலிம் போனது போனதுதான். ஷ்மிட்லின் 1999இல் செய்தது, மிஞ்சிய 10 ரீலோடு படப்பிடிப்புத் தளத்துப் புகைப்படங்களையும் மூலத் திரைக்கதையையும் வைத்து இடைவெளிகளை நிரப்பியது. புகைப்படத்தின்மேல் கேமரா மெல்ல நகரும், புது அட்டைகள் கதையைச் சொல்லும். இசை ராபர்ட் இஸ்ரேல்.

எங்கள் கணிப்பில் இந்த 239 நிமிடப் பதிப்பின் பலமும் பலவீனமும் ஒரே இடத்தில் இருக்கின்றன. புகைப்படத்தில் கை அசையாது. ஸேஸுவின் நடிப்பைப் பார்க்க வந்தவர்களுக்குக் கூடுதலாகக் கிடைப்பது முகபாவம் மட்டும். ஆனால் 10 ரீல் பதிப்பில் டிரினா சட்டென்று கஞ்சத்தனம் பிடித்தவளாகிவிடுகிறாள். நேற்றுவரை வெட்கப்பட்ட பெண் இன்று கணவனுக்கு டிராம் காசு தரமாட்டேன் என்கிறாள். நடுவிலிருந்த படிகளை எம்.ஜி.எம். வெட்டியதுதான் காரணம். 239 நிமிடத்தில் அந்தப் படிகள் நிழலாகவாவது திரும்ப வருகின்றன. குப்பை பொறுக்கும் ஸெர்கோவும் மரியா என்ற வேலைக்காரியும் இல்லாத தங்கப் பாத்திரங்களைப் பற்றிப் பேசிப் பேசியே பைத்தியமாகும் கிளைக்கதை முழுக்க வெட்டப்பட்டது. மரியாவாக நடித்த டேல் ஃபுல்லர் மௌனப்படத் துணை நடிகைகளில் முதல் வரிசை. ‘ஃபூலிஷ் வைவ்ஸ்’ படத்தில் ஏமாற்றப்பட்ட வேலைக்காரியாக வந்து மாளிகைக்குத் தீ வைப்பவர் அவர்தான். ‘கிரீட்’டில் அவர் செய்த வேலையின் பெரும்பகுதி இன்று புகைப்படமாக மட்டுமே இருக்கிறது. அதற்காகவேனும் நான்கு மணி நேரம் உட்காரலாம். ஸேஸுவை முதல் தடவை பார்ப்பவர்கள் மட்டும் இதிலிருந்து தொடங்க வேண்டாம். இரண்டேகால் மணி நேரப் பதிப்பைப் பார்த்துவிட்டு, ஒரு வாரம் கழித்து இதைப் பாருங்கள்.

இதில் ஒரு பொறி உண்டு. ஸ்ட்ரோஹைம் தங்கமான பொருள்களுக்கு மட்டும் ஃபிலிமில் தங்க நிறம் தீட்டச் செய்திருந்தார்: நாணயம், டிரினாவின் கணவனான பல் டாக்டர் மக்டீக் கடை வாசலில் தொங்கும் ராட்சதத் தங்கப்பல் போன்றவை. 1999 பதிப்பு அதைப் பின்பற்றுகிறது. கறுப்பு வெள்ளைப் படம்தானே என்று டிவியில் ‘கலர்’ அளவைச் சுழியத்தில் வைப்பவர்கள், புரொஜெக்டரில் ‘மோனோ’ தேர்ந்தெடுப்பவர்கள் இந்த மஞ்சளைக் கொன்றுவிடுவார்கள். கலர் நடுவில் இருக்கட்டும், ஷார்ப்னஸ் சுழியத்தில் இருக்கட்டும். பழைய ஃபிலிமின் மணல்போன்ற புள்ளிகளைக் கூர்மையாக்கினால் முகமெல்லாம் அம்மைத் தழும்பு.

பிரான்சிலிருந்து வரும் டிஸ்க் பற்றிக் கேட்பவர்களுக்கு: டிஸ்க் எந்த நாட்டில் ஓடும் என்பதற்கான பூட்டுதான் ரீஜன்; அங்கத்து டிவிடி ரீஜன் 2, நமது 5. ப்ளூரேயில் அவர்களுடையது பி, நம்முடையது சி, அமெரிக்காவுடையது ஏ. இங்கே கடையில் வாங்கிய பிளேயரில் போட்டால் ‘தவறான ரீஜன்’ என்று பல்லிளிக்கும். பழைய டிவிடி பிளேயர் பலவற்றில் ரிமோட் வழியாகவே ரீஜன் பூட்டைத் திறக்கலாம். ப்ளூரேக்கு அந்த வசதி அரிது. வசன அட்டைகள் பிரெஞ்சில் இருந்தால் வீட்டுப் பெரியவர் யாராவது வாசித்துச் சொல்லலாம். டென்ட் கொட்டகைக் காலத்தில் மௌனப்படத்துக்குப் பக்கத்தில் நின்று கதை சொன்னவர்கள் செய்த வேலைதானே இது. இன்னொன்று, கடற்கரை ஊரில் டிஸ்க்கைக் காகித உறையில் வைக்காதீர்கள். மழைக்காலத்தில் உறை ஒட்டிப் பூஞ்சை பிடிக்கும். பூத்திருந்தால் பாத்திரம் கழுவும் சோப்பு ஒரு சொட்டு விட்ட தண்ணீரில் கழுவி, நடுவிலிருந்து ஓரத்துக்கு நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் தடத்தின் போக்கிலேயே விழும், பிளேயரால் அதைத் தாண்ட முடியாது.

தமிழ் சப்டைட்டில் போடுவது ஒரு மாலை வேலை. சும்மா நோட்பேடில் தட்டிச் சேமித்தால் போதும், ஆனால் பழைய விண்டோஸில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுக்க மறந்தால் எழுத்தெல்லாம் கேள்விக்குறியாகும். விஎல்சியில் எழுத்துருவாக நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது நிர்மலா வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வரிக்கு மேல் போகாமல், வரி ஒவ்வொன்றும் ஐந்தாறு சொல்லுக்குள் இருந்தால் படிக்க நேரம் இருக்கும். படத்தை விஎல்சியிலேயே 0.83இல் மெதுவாக்கினால் சப்டைட்டிலும் கூடவே மெதுவாகும். நேரக் குறிப்பைத் தொடாதீர்கள். கோப்பையே மெதுவாக்கிப் புதிதாகச் சேமித்திருந்தால்தான் ஒவ்வொரு நேரத்தையும் 1.2ஆல் பெருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்துவிட்டு, அரை மணி நேரத்தில் வசனம் ஐந்து நிமிடம் பின்தங்கி வருகிறதே என்று முழிப்பவர்கள் நிறைய.

உரிமை விஷயம். இந்தியாவில் திரைப்படக் காப்புரிமை வெளியீட்டுக்குப் பின் 60 ஆண்டு. அமெரிக்காவில் இந்தப் படம் 2020 ஜனவரி 1இல் பொதுவுடைமையானது. 1924 படத்தைத் தாராளமாகப் பொதுவில் போடலாம். ஆனால் டேவிஸ் இசையும் இஸ்ரேல் இசையும் 1999 தொகுப்பும் பிற்காலத்து வேலை, அவற்றுக்கு உரிமை உண்டு. வீட்டில் பார்ப்பதற்குப் பிரச்சினை இல்லை. கூட்டம் சேர்த்துக் காட்டுவதென்றால் 10 ரீல் பதிப்பின் ஒலியை முழுக்க அணைத்துவிட்டு ஒரு கீபோர்டோ ஆர்மோனியமோ வைத்துக்கொள்ளுங்கள். வாசிப்பவர் படத்தை ஒரு முறையாவது முழுதாகப் பார்த்திருக்க வேண்டும். பாத்திரத்துக்கொரு சின்ன மெட்டு போதும்; ஒவ்வொரு அசைவுக்கும் வாசித்தால் கார்ட்டூன் ஆகிவிடும். மெத்தையில் நாணயம் பரப்பும் இடத்தில் வாசிப்பை நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு அப்புறம் கூட்டம் தொண்டையைக் கனைக்கக்கூட யோசிக்கும்.

முற்றத்திலோ மொட்டைமாடியிலோ ஓட்டுபவர்களுக்குச் சில சொல். பழைய எக்ஸ்ஜிஏ புரொஜெக்டர், பள்ளிக்கூடங்களில் ஓரங்கட்டிப் போட்டிருப்பார்களே, அது இந்தப் படத்துக்குப் புது மாடலைவிடப் பொருத்தம். அதற்குள் படத்தை உருவாக்கும் சிப்பே 4:3. 1024க்கு 768 புள்ளியும் படத்துக்கே போகும்; 16:9 புரொஜெக்டரில் கால் பங்கு வெளிச்சம் கறுப்புப் பட்டையில் வீணாகிறது. 100 அங்குல 16:9 திரையில் உங்களுக்குக் கிடைக்கும் படம் 166 செ.மீ. அகலம், 124 செ.மீ. உயரம்தான். முப்பது பேருக்கு அது போதும், ஐம்பது பேருக்குப் போதாது. எச்டிஎம்ஐ இல்லாத மாடலுக்கு ஒரு விஜிஏ கன்வெர்ட்டர் வாங்க வேண்டியிருக்கும். புரொஜெக்டரைச் சாய்த்து வைத்து ‘கீஸ்டோன்’ போட்டுச் சரிசெய்யாதீர்கள். மேசையை உயர்த்தி நேராக வையுங்கள். கீஸ்டோனில் புள்ளிகளைக் கசக்கித்தான் சதுரமாக்குகிறது, எண்ணும் விரல்களின் விளிம்பு மங்கும்.

திரைத்துணியைவிட மேட் வெள்ளை அடித்த சுவர் மேல். சாயங்காலக் கடல்காற்றில் துணி உப்பும், வற்றும். ஓடும் படத்தில் அது தெரியாமல் போகலாம். 1999 பதிப்பில் அசையாத புகைப்படம் நெளியும்போது பேய்ப்படமாகிவிடும். துணிதான் என்றால் அடியில் கனமான பிவிசி குழாயில் மணல் நிரப்பிக் கோத்து, நான்கு மூலையும் கட்டுங்கள். விளக்கு மாடல் புரொஜெக்டரானால் ஒரு சின்ன யூபிஎஸ் கட்டாயம். படம் ஓட்ட அது பத்தாது. கரண்ட் போன பின் விசிறி சில நிமிடம் ஓடி விளக்கைக் குளிர வைக்கத்தான் அது.

கோடையில் ஏழு மணிக்கு முன் இருட்டாது. ஏழுக்கு ஆரம்பித்து 239 நிமிடமும் ஒரு டீ இடைவேளையும் சேர்த்தால் பதினொன்றேகால் தாண்டும். கடலூரிலிருந்தும் பாகூர்ப் பக்கத்திலிருந்தும் வருபவர்கள் பஸ்ஸை நினைத்துக் கடைசி ஒரு மணி நேரம் வாட்சையே பார்ப்பார்கள். அந்தக் கடைசி ஒரு மணி நேரத்துக்குள்தான் மரணப் பள்ளத்தாக்கு (டெத் வேலி) வருகிறது. நிஜமாகவே கோடை வெயிலில் அந்தப் பாலைவனத்துக்குப் போய் எடுத்த பகுதி. அதனால் இரண்டு நாளாகப் பிரித்துவிடுங்கள். கல்யாண விருந்து முடிந்து எல்லோரும் கிளம்பி, டிரினா கணவனோடு தனியாக நிற்கும் இடத்தில் முதல் நாளை முடிக்கலாம். பத்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம். மௌனப்படம் என்றால் சாப்ளின் என்று நினைத்து வந்து உட்கார்ந்தவர்கள் இரண்டாம் பாதியில் எழுந்து போவார்கள், அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது.

‘கிரீட்’டுக்குப் பிறகு ஸேஸுவைத் தேடுபவர்கள் 1928இன் ‘தி வெட்டிங் மார்ச்’ பார்க்கலாம். அதுவும் ஸ்ட்ரோஹைம்தான். கால் ஆணிக்குப் பிளாஸ்திரி விற்றுப் பணக்காரரானவரின் மகளாக, நொண்டி நடக்கும் மணப்பெண்ணாக வருகிறார். கதாநாயகி ஃபே ரே. நினைவில் நிற்பது ஸேஸு. பேசும்படத்தில் அந்தக் கைகளோடு தழுதழுத்த குரல் ஒன்றும் சேர்ந்துகொள்ள, 1931 முதல் 1933 வரை தெல்மா டாடோடு ஹால் ரோச் கம்பெனியில் வரிசையாகக் குறும்படச் சிரிப்புகள், 1935இல் ‘ரகிள்ஸ் ஆஃப் ரெட் கேப்’. இவையெல்லாம் நன்றாகவே இருக்கும், ஒலி இருப்பதால் வேகப் பிரச்சினையும் கிடையாது. 1926இல் நடிகை பார்பரா லா மார் இளம் வயதில் இறந்தபோது அவருடைய சின்னப் பையனை எடுத்து வளர்த்தவரும் ஸேஸுதான். 1963 ஜூன் 7இல் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘இட்ஸ் எ மேட், மேட், மேட், மேட் வேர்ல்ட்’ படத்தில் டெலிபோன் ஆபரேட்டராகச் சில நொடி தலைகாட்டுவதுதான் கடைசி.

வாங்கும் வரிசையைக் கேட்டால்: இரண்டேகால் மணி நேரப் பதிப்பின் நல்ல நகல் கிடைத்தால் யோசிக்காமல் எடுங்கள். கிடைக்காவிட்டால் 130 நிமிடத்துக்கு மேல் ஓடும், ஜன்னலில் ஊர்வலம் தெரியும் ஓர் இலவசக் கோப்பு அதற்கு முக்கால் பங்கு ஈடு. 1999 பதிப்பு அதற்கு அடுத்ததாக இரண்டு மாலைக்கு. 111 நிமிடக் கோப்பில் ஒரு பிரேமும் இரட்டிக்கவில்லை, மெதுவாக்கப் பொறுமையும் இல்லை என்றால் அழித்துவிட்டு அந்த இடத்தில் ‘வெட்டிங் மார்ச்’ இறக்கிக்கொள்ளுங்கள்.